கத்திக் கீறல் இல்லாத தட்டுகள்

எங்கள் வீட்டில் ஆள் மூன்று பேர். தட்டு, கப், சாசர், கிண்ணம் எல்லாம் சேர்த்தால் இருநூற்றுச் சொச்சம். "ஊரைக் கூட்டிச் சோறு போட உத்தேசமா?" என்று என் வீட்டுக்காரர் வருடத்துக்கு இரண்டு தடவையாவது கேட்டுவிடுவார். ஊரே வந்தாலும் அந்தத் தட்டுகளில் போட விடமாட்டேன் என்பது அவருக்கும் தெரியும்.

கீழக்கரையில்தான் ஆரம்பித்தது. அங்கே ஒரு பள்ளியில் பத்தொன்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தேன். 2003 நோன்புப் பெருநாளுக்கு எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்து கையைப் பிடித்து இழுக்காத குறையாக வீட்டுக்குக் கூட்டிப் போனாள். வட்டிலப்பம் வந்தது. வட்டிலப்பத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இன்றைக்கு அது இருந்த தட்டைப் பற்றி மட்டும்.

நமக்குப் பழக்கமான பீங்கான் தட்டில் வயலுக்கு வரப்பு போலச் சுற்றி ஒரு விளிம்பு இருக்கும். இதில் அது இல்லை. நடுவிலிருந்து மெல்ல எழும்பி, எங்கே வளைகிறது என்று தெரியாமலே வளைந்து, கிளிஞ்சலைப் போல முடிந்திருந்தது. வெளிப்பக்கம் மழை மேகத்தின் சாம்பல் நிறம், உள்ளே பால் வெள்ளை. ஓரமாக, மையத்தை விட்டு விலகி, மெல்லிய கோட்டில் மூன்று இலைகள். பூ கிடையாது, தங்கக் கரை கிடையாது. கடையில் வாங்கிய தட்டைப் போலவே இல்லை, யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்தது போல இருந்தது. தின்று முடித்ததும் என்னை அறியாமல் அதைத் தலைகீழாகத் திருப்பிவிட்டேன். நோரிட்டாக்கே, ஜப்பான் என்று முத்திரை.

"என்ன டீச்சர், அழுக்கு இருக்கா?" என்று பதறினார் அந்தப் பெண்ணின் பாட்டி.

"இல்லம்மா, அழகா இருக்கே, எங்க வாங்குனதுன்னு பார்த்தேன்."

"எங்க மாப்பிள்ளை கொழும்புலேருந்து கொண்டாந்தது."

"அவர் இப்ப கொழும்புலதான் இருக்காரா?"

"அவுக மௌத்தாகி இருபது வருசமாச்சு."

எனக்குக் கணக்கு உதைத்தது. மாப்பிள்ளை இறந்து இருபது வருடம் என்றால் பதின்மூன்று வயதுப் பேத்தி எப்படி? கீழக்கரைப் பக்கம் முஸ்லிம் பெண்கள் தங்கள் கணவரைத்தான் மாப்பிள்ளை என்பார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அங்கே வேலைக்குச் சேர்ந்து நாலு வருடமாகியும் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

இந்த மாதிரிச் சாமான்களுக்கு மிட் செஞ்சுரி மாடர்ன் என்று ஒரு பெயர் இருப்பது தெரிய இன்னும் சில வருடம் ஆயிற்று, வீட்டுக்கு இன்டர்நெட் வந்த பிறகு. இரண்டாம் உலகப் போர் முடிந்ததிலிருந்து 1960-களின் கடைசி வரை என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். வீடுகள் சின்னதாகிவிட்டன, பரிமாற வேலைக்காரர்கள் இல்லை. ராஜ விருந்துக்கான தங்கக் கரையும் ரோஜாப் பூவும் எதற்கு, வடிவமே அலங்காரமாக இருக்கட்டும் என்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நினைத்தார்கள். எனக்குப் பிடித்தவர் ஹங்கேரியில் பிறந்த ஈவா ஜைசல். சோவியத் சிறையில் பதினாறு மாதம் கிடந்து, பிறகு அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். அவர் வடிவமைத்த வெள்ளைப் பீங்கான் செட்டை 1946-ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் காட்சிக்கு வைத்தது. 105 வயது வரை இருந்து 2011-ல்தான் போனார். அவர் செய்த எதுவும் என்னிடம் இல்லை. இந்தக் கரைக்கு அது வரவும் இல்லை.

வந்ததெல்லாம் பெரும்பாலும் ஜப்பான் சரக்கு, அடுத்து சீனா, கொஞ்சம் இங்கிலாந்து. சபுர் போன, அதாவது பிழைப்புக்குக் கடல் கடந்து போன, ஆண்கள் கொண்டுவந்தவை. கொழும்பில் கடை வைத்திருந்தவர்கள் தலைமன்னாரில் ஸ்டீமர் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, சுங்கத்தில் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டு, போட் மெயில் ரயிலில் பாம்பன் பாலம் தாண்டி வருவார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அடித்துப் போனபின் கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது. பினாங்கு, சிங்கப்பூர் போனவர்களுக்கு ரஜூலா கப்பல். இங்கே வெளிநாட்டுச் சாமான் இறக்குமதிக்கு ஏகப்பட்ட கட்டுப்பாடு இருந்த காலம். அந்த ஊர்களின் சாதாரணக் கடையில் கிடைத்த தினப்படித் தட்டு, இங்கே வந்து இறங்கியதும் சீர்வரிசைப் பொருளாகிவிட்டது. ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் ஒரு கைலி மடித்து வைத்துக் கொண்டுவந்தாராம் பாட்டியின் மாப்பிள்ளை. தட்டும் உடையாது, கைலியும் கணக்கில் வராது.

நோரிட்டாக்கே கம்பெனி பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். போர் முடிந்த கையோடு அவர்களுக்கு நல்ல மண்ணும் கிடைக்கவில்லை, கைதேர்ந்த ஆட்களும் குறைந்துபோனார்கள். பழைய தரம் வரவில்லை. அதனால் கொஞ்ச காலம் தங்கள் பெயரைப் போடாமல் ரோஸ் சைனா என்ற பெயரில் விற்றார்கள். தரம் திரும்பி வந்த பிறகுதான் சொந்தப் பெயர். என்னிடம் அந்த ரோஸ் சைனா சாசர் ஒன்று இருக்கிறது. பார்த்தால் குறையே தெரியாது. கொஞ்சம் சாம்பல் பூத்த வெள்ளை, அவ்வளவுதான். இதற்கா கூச்சப்பட்டார்கள்! அதே காலத்தில், 1952-ல் அமெரிக்க ஆக்கிரமிப்பு முடியும் வரை, ஏற்றுமதியான பல சாமான்களின் அடியில் 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது' என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கும். தோற்றவன் தன் தோல்வியைத் தட்டுக்கு அடியில் எழுதி விற்றிருக்கிறான். அப்படி ஒரு சின்னப் பால் கூஜாவும் வைத்திருக்கிறேன்.

சேர்க்கத் தொடங்கிய புதிதில் நிறைய ஏமாந்தேன். கண்ணாடி அலமாரியில் வெள்ளையாக எது இருந்தாலும் பீங்கான் என்று நினைத்தேன். பாதிக்கு மேல் வளைகுடாவிலிருந்து வந்த பால் கண்ணாடித் தட்டுகள். இப்போது முதலில் அடியைத் தடவுவேன். நிஜப் பீங்கானின் அடி வளையத்தில் பூச்சு இருக்காது. சூளைக்குள் வைக்கும் பலகையோடு ஒட்டிக்கொள்ளக் கூடாதென்று துடைத்துவிடுவார்கள், நாக்குப் போலச் சொரசொரக்கும். அப்புறம் ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பின்னால் விரலை ஆட்டுவேன், நிழல் தெரிய வேண்டும். வெள்ளைக் களிமண்ணும் மற்ற கற்பொடிகளும் 1,300 டிகிரிக்கு மேல் வெந்து பாதி கண்ணாடியாகிவிடுவதால்தான் ஒளி புகுகிறது. கடைசியாக நகத்தால் ஒரு சுண்டு. நல்லதென்றால் கோயில் மணி அடங்குகிற மாதிரி ஒலி இழுக்கும். விரிசல் விட்டது டொக் என்னும்.

ஆனால் நான் எழுத நினைத்தது இதையெல்லாம் விட வேறு ஒன்று. வெளிநாட்டில் இதே தட்டுகளைச் சேர்ப்பவர்கள் போடும் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் அவர்கள் சாம்பல் நிறக் கீறல்களைப் பற்றிப் புலம்புவார்கள். கத்தியும் முள்கரண்டியும் போட்டு அறுத்த தடம். எதைத் தேய்த்தால் போகும், எந்தப் பொடி நல்லது என்று ஓயாத பேச்சு. என் இருநூற்றுச் சொச்சத்தில் ஒன்றில்கூட அந்தக் கீறல் கிடையாது. கையால் சாப்பிட்ட தட்டுகள்.

அதற்காகத் தேயவில்லை என்று அர்த்தமில்லை. தேய்ந்த இடம் வேறு. தங்கக் கோடு போட்டவற்றில் கோடு முக்கால்வாசி போய்விட்டது, சாம்பலும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்த்ததில். தங்கம் பூச்சுக்கு மேலேதான் உட்கார்ந்திருக்கும், சாம்பலுக்கு எம்மாத்திரம்? சாய்த்துப் பிடித்தால் கோடு இருந்த இடத்தில் நத்தை ஊர்ந்த மாதிரி ஒரு தடம் மட்டும் தெரியும். பெரிய தட்டுகளின் விளிம்பில் சுற்றிலும் பொடிப் பொடியாக மூக்கு உடைந்திருக்கும். இது எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. விருந்துக்கு மட்டும் எடுத்த தட்டு இப்படி ஏன் உடைய வேண்டும்? பாட்டி சொல்லித்தான் தெரிந்தது: கீழக்கரையில் விருந்தென்றால் சஹன்தான். ஒரு பெரிய தாம்பாளத்தில் சோறு, அதைச் சுற்றி நாலைந்து பேர். ஆளுக்கொரு தட்டு என்று கணக்குப் போட்டு ஜப்பான்காரன் ஆறு தட்டு வைத்தான். இங்கே அந்த ஆறும் குழம்புச் சட்டிக்கு மூடியாகிவிட்டன.

சாசர்கள் கதை இன்னும் வேடிக்கை. மற்ற ஊர்களில் கப் உடைந்து சாசர் மிஞ்சும். எனக்குக் கிடைத்த செட்டுகளில் கப் ஆறும் இருக்கும், சாசர் மூன்றோ நாலோதான். டீயைச் சாசரில் ஊற்றி ஊதித்தான் குடித்தார்கள். உழைத்தது சாசர்தான், கப் சும்மா சுமந்து வந்தது. அப்புறம் அந்த கிரேவி ஊற்றும் படகு. மூக்கு நீண்ட, கைப்பிடி வைத்த, வழவழவென்ற நீள்வட்டப் பாத்திரம். அதை என்ன செய்வதென்று எந்த வீட்டிலும் தெரியவில்லை. என் மகள் சின்ன வயதில் அதைப் பார்த்துவிட்டு, "யானைக்குட்டிக்குப் பாலாடையாம்மா?" என்று கேட்டாள். ஒரு வீட்டில் எண்ணெய்க் குளியலுக்கு நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றி வைத்திருந்தார்கள். அதற்காகவே செய்தது போலக் கச்சிதமாக இருந்தது.

கோடோ பூவோ இல்லாத வெறும் வெள்ளைத் தட்டுகளுக்கு மட்டும் ஒரு தனி மரியாதை உண்டு. குங்குமப்பூவைக் கரைத்து அதில் ஆயத், அதாவது குர்ஆன் வசனம், எழுதி, எழுத்தைத் தண்ணீரில் கழுவிக் குடிக்கக் கொடுப்பார்கள், காய்ச்சலுக்கும் பயந்த பிள்ளைகளுக்கும். அப்படி எழுதிய தட்டு ஒன்றைப் பாட்டி வீட்டில் பார்த்திருக்கிறேன். காயாத மஞ்சள் எழுத்து, வெள்ளை வெளேரென்ற விளிம்பில்லாத தட்டு. அலங்காரமே வேண்டாம் என்று வாதாடிய அந்த வடிவமைப்பாளர்கள் அதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ. அதை நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

எல்லாமே கீழக்கரையில் கிடைக்கவில்லை. ராமேஸ்வரத்தில் மகளோடு இருந்த யாழ்ப்பாணத்து ஆச்சி ஒருவர், கப்பல் ஓடிய காலத்திலேயே இங்கே வந்துவிட்டவர், போனில் சொன்னார்: "பிள்ளை, நல்ல கோப்பை ஆறு கிடக்கு. வந்து பாருங்கோ." கப் என்று நினைத்து, சின்ன அட்டைப் பெட்டியும் பழைய பேப்பரும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். போய்ப் பார்த்தால் ஒன்பது அங்குலத்தில் ஆறு குழிவான தட்டுகள்.

"கோப்பைன்னு சொன்னீங்களே ஆச்சி?"

"இதுதானே கோப்பை! தேத்தண்ணி குடிக்கிறது பேணியெல்லோ."

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் சரக்கு. கறுப்புக் கோடுகளை அள்ளித் தெளித்த மாதிரி ஒரு வேலைப்பாடு, ஐம்பதுகளின் வாசம் அப்படியே அடிக்கும். ஆனால் பீங்கான் அல்ல, சுட்ட மண்ணுக்கு மேல் வெள்ளைப் பூச்சு. பூச்சில் சிலந்தி வலை போல விரிசல் ஓடி, மீன் குழம்பு அதற்குள் இறங்கி, நாலு தட்டு தேக்கு நிறத்துக்கு வந்திருந்தது. கறாரான ஆட்கள் தொடமாட்டார்கள். நான் ஆறையும் வாங்கினேன். சின்னப் பெட்டியில் அடங்காமல் மடியில் வைத்துக்கொண்டு ராமநாதபுரம் வரை வந்தேன்.

கை நடுங்கிய ஒரே தருணம் காரைக்குடியில். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கும், கடற்கரை வீடுகளிலிருந்து போகிற சாமானும் பல சமயம் அங்கேதான் போய்ச் சேரும். ஒரு கடையில் கரண்டிகளைச் செருகி வைக்க வெள்ளையாக ஒரு கூஜா வைத்திருந்தார்கள். மூடி இல்லை. இடுப்பு மட்டும் சிறுத்து, மேலும் கீழும் விரிந்து, சரியாக உடுக்கை. கரண்டிகளை எடுத்து வைத்துவிட்டுத் திருப்பினேன். ரோசன்தால், ஜெர்மனி. 1954-ல் ரேமண்ட் லோவி, ரிச்சர்ட் லேத்தம் என்ற இரண்டு வடிவமைப்பாளர்கள் செய்த 2000 என்ற வரிசையின் காபி கூஜா. நாற்பத்தாறு வருடம் கழித்து வரப்போகும் ஆண்டின் பெயரை வைத்திருக்கிறார்கள், அவ்வளவு நம்பிக்கை. கடைக்காரர் நானூறு என்றார். படம் காட்டி, இது இன்ன பொருள், மூடி இல்லாவிட்டாலும் இதைவிடக் கூடப் போகும் என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "சரி, அறுநூறு குடுங்க" என்றார். வாங்குபவள் விலையை ஏற்றியதை வீட்டில் சொன்னபோது என்ன பாராட்டு கிடைத்திருக்கும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

பாட்டியின் கிளிஞ்சல் தட்டுகளில் ஐந்து என்னிடம் வந்தன. வீட்டைப் பாகம் பிரித்தபோது அவராகக் கொடுத்தது. இன்றைக்கு இருப்பது இரண்டு. அப்போது கீழக்கரையில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தோம். சுவரில் இரும்புத் தாங்கி அடித்துப் பலகை போட்டு அடுக்கியிருந்தேன். பெயின்ட் அடித்த இரும்புதானே என்ற நினைப்பு. உப்புக் காற்று பெயின்ட்டை வெளியே அப்படியே விட்டுவிட்டு உள்ளே மட்டும் தின்றிருந்தது. ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு, ஒரு மூட்டை சலங்கையைக் கொட்டியது போலச் சத்தம். ஒன்பது உருப்படி போயிற்று. காலையில் பெருக்கும்போது கிளிஞ்சல் தட்டின் உடைந்த முகத்தைப் பார்த்தேன். வெளியே சாம்பல், உள்ளே வெள்ளை, நடுவில் சர்க்கரைக் கட்டியை உடைத்தாற்போல மினுமினுப்பு. பாட்டியிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். சொன்னதும் அவர் கேட்டது, "புள்ள மேல ஒண்ணும் விழலையே?" அதற்கப்புறம் தேக்குப் பலகை, பித்தளைத் திருகு. இரும்பு அலமாரி வைக்காதீர்கள், கடற்கரையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லும் ஒரே யோசனை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வண்ணம் பூச்சுக்கு மேலே இருக்கும் பழைய தட்டுகளில் புளிக்குழம்போ எலுமிச்சை ஊறுகாயோ வைக்க வேண்டாம். அந்த வண்ணத்தை 800 டிகிரி அளவில்தான் சுடுவார்கள், அதில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு, புளிப்பு அதை இழுக்கும். தட்டைச் சாய்த்து விரலால் தடவினால் வண்ணம் மேடாகத் தட்டுப்படும், அதுதான் அடையாளம். எங்கள் வீட்டு மீன் குழம்பு எவர்சில்வரில்தான்.

பழைய ஓடு பொறுக்குவது இந்தக் கரைக்குப் புதிதல்ல. கீழக்கரைக்குப் பக்கத்துப் பெரியபட்டினத்தில் 1980-களில் தோண்டியபோது சீனப் பீங்கான் ஓடுகள் வந்தன, பதின்மூன்று பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தவையும் அதில் உண்டு. மழை பெய்தால் தோட்டத்து மண்ணில் இன்னும் பச்சைப் பூச்சு ஓடு பல்லிளிக்கும். நான் ஒன்றைக் காலால் புரட்டிப் பார்த்திருக்கிறேன், எடுக்கவில்லை. அது என் அலமாரிக்கானது இல்லை. குனிந்து பார்த்ததில் அதன் உள்பக்கத்திலும் கத்திக் கீறல் இல்லை.

கடைசியாக, மிட் செஞ்சுரி மாடர்ன் என்ற கணக்கில் எந்தக் கோணத்திலும் சேராத ஒரு செட். பாட்டியின் மாப்பிள்ளை ஒருமுறை சிங்கப்பூர் போனபோது கொண்டுவந்தது. கப்பைச் சுற்றி மேடாக எழும்பிய சாம்பல் நிற டிராகன், ஏகப்பட்ட பூச்சு வேலை. அழகு என்று சொல்ல மனசு வராது. பாட்டி ஆறையும் முன்னால் வைத்து, "எடுத்துக்கங்க டீச்சர், தூசி தட்டி மாளல" என்றார். பழக்கதோஷத்தில் ஒன்றை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். கப்பின் அடியில், பீங்கானுக்குள்ளேயே, கொண்டை போட்ட ஜப்பான்காரி ஒருத்தியின் முகம் எழும்பி வந்தது. அடியை மேடும் பள்ளமுமாக வார்த்திருப்பார்கள். மெல்லிய இடத்தில் ஒளி அதிகம், தடித்த இடத்தில் நிழல். டீயைக் குடித்து முடித்துத் தூக்கிப் பிடித்தால்தான் தெரியும். பாட்டியிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"யாரு இவ?"

"ஜப்பான்காரிம்மா. ஆறுலயும் இருப்பா."

"நாப்பது வருசமா என் வீட்ல இருந்திருக்கா. அவுக ஒரு வார்த்த சொல்லலையே!"

பேத்தி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாட்டி ஐந்து கப்பை என் பக்கம் தள்ளினார், ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். செட்டைப் பிரித்தால் மதிப்புக் குறையும் என்று நான் சொன்னது எடுபடவில்லை.

இப்போது அவருக்கு எண்பத்தைந்துக்கு மேல். ராமநாதபுரத்துக்குக் குடி மாறிய பிறகும் பெருநாளைக்குப் போய் வருகிறேன். ஆறாவது கப்பை நானும் கேட்கிறேன், அவரும் தரமாட்டேன் என்கிறார். கைப்பிடி போய்விட்டது, அதில்தான் காலை டீ. இந்தத் தடவை சாசரில் ஊற்றிக் குடித்துவிட்டு, காலிக் கப்பை வாசல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"சக்களத்தி இருக்காளா?" என்றேன்.

"எங்க போகப் போறா," என்று கவிழ்த்து வைத்தார்.